வெண்ணெய் உருக்கும்போது போடும் முருங்கை இலை

வெண்ணெய் உருகி, நுரை அடங்கி, சட்டியின் அடியில் பொன்னிறக் கசடு தெரியும் நேரத்தில் அம்மா பின்வாசலுக்குப் போவார். முருங்கை மரத்தில் கைக்கு எட்டும் கொத்து ஒன்றை ஒடித்து, இலையை உருவிக்கொண்டு வந்து சட்டியில் போடுவார். சடசடவென்று பொரியும். சத்தம் ஓய்ந்து இலை கரும்பச்சையாக மொறுமொறுத்ததும் அடுப்பை அணைப்பார். நெய்யை வடித்தபின் மிஞ்சும் அந்த இலையையும் கசடையும் சூடான சோற்றில் போட்டுப் பிசைந்து எங்களுக்குத் தருவார். எதற்கு இலை போடுகிறீர்கள் என்று கேட்டால், "போட்டாத்தான் நெய் கெட்டுப்போகாது, வாசமா இருக்கும்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். முருங்கை இலைத் தூள் அடைத்த காப்ஸ்யூல்கள். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கினாராம். "தம்பி, நீ பள்ளிக்கூடத்துல அறிவியல் சொல்லிக்குடுக்கிறவன்தானே. இதுல ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்காம். அது என்னா சாமான்? சாப்பிட்டா நல்லதா?" என்று கேட்டார். வாசலில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பினேன். அவர் கேட்ட கேள்விக்கு அது போதாது. அம்மாவின் நெய்ச் சட்டியிலிருந்து தொடங்கினால்தான் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியும்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். சொல்தான் பெரிது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆக்ஸிஜனேற்றம் கண்ணால் பார்த்துப் பழகிய விஷயம். எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பதைக் கொண்டுவந்து நட்டது பக்கத்தில் இருக்கும் கோலகங்சாரில்தான். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் வெட்டுக் கோட்டில் வழியும் பால் வெள்ளை வெளேரென்று இருக்கும். பால் பிடிக்கும் மங்கில் இறங்காமல் பட்டையிலேயே காய்ந்துபோகும் ஒட்டுப்பாலை மறுநாள் உரித்தெடுத்தால் பழுப்பேறிக் கிடக்கும். பாலில் இருக்கும் சில பொருள்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்ததால் வந்த நிறம் அது.

வீட்டில் மேசை இழுப்பறையில் வருடக்கணக்காகக் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்தால் கையில் பிசுபிசுக்கும், இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை மறந்துபோய், தைப்பூசம் கழித்து டின்னைத் திறந்தால் குப்பென்று சிக்கு வாடை அடிக்கும். இரண்டும் ஒரே கதைதான். ரப்பரிலும் எண்ணெயிலும் இருப்பவை நீண்ட கார்பன் சங்கிலிகள். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு வரும் இடங்களுக்குப் பக்கத்தில்தான் ஆக்ஸிஜன் முதலில் கைவைக்கும். ரப்பரில் சங்கிலி அறுந்தால் பிசுபிசுப்பு. எண்ணெயில் அறுந்தால் வாடை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது சத்துணவு பேசுகிறவர்கள் உண்டாக்கிய சொல் இல்லை. 1920-களில் பிரான்ஸில் மூரூ, துஃப்ரெஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள், துளியளவு சேர்த்தாலே ஒரு பொருள் காற்றில் கெடுவதைத் தடுக்கும் சேர்மங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். ரப்பர் தொழிலும் எண்ணெய்த் தொழிலும் அப்படிப்பட்ட சேர்மங்களைக் கையில் எடுத்தன. இன்றைக்கும் டயருக்குள் ஆன்டிஆக்ஸிடன்ட் கலக்காமல் ஓட்ட முடியாது. நம் பாட்டன் பாட்டி வெட்டிய பாலுக்குக் காவலாக வளர்ந்த சொல் இப்போது அக்காவின் டப்பாவில் ஒட்டியிருக்கிறது.

சரி, அது எப்படிக் காவல் காக்கிறது?

எலக்ட்ரான்களுக்கு ஜோடியாக இருந்தால்தான் நிம்மதி. ஒரு மூலக்கூறில் ஒரு எலக்ட்ரான் ஜோடியில்லாமல் தனியாக நின்றுவிட்டால் அதற்கு ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். ஒரு லயத்தை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்காரருக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) குறைகிறது. பக்கத்து வீட்டில் கைமாத்துக் கேட்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை, பிடுங்கிக்கொள்கிறார். இப்போது பக்கத்து வீட்டில் பத்து வெள்ளி குறைகிறது. அவர் மூன்றாவது வீட்டுக்குப் போகிறார். மூன்றாமவர் நாலாவது வீட்டுக்கு. குறைந்தது ஒரே பத்து வெள்ளிதான், ஆனால் லயம் முழுக்கச் சண்டை. எண்ணெய் கெடுவது இப்படித்தான். ஒரு மூலக்கூறு அடுத்ததிடமிருந்து ஒரு ஹைட்ரஜனை அதன் எலக்ட்ரானோடு சேர்த்துப் பிடுங்கும், பிடுங்கப்பட்டது அடுத்ததைத் தேடிப் போகும். அதனால்தான் முறுக்கு டின்னில் முதலில் லேசாகத் தெரியும் வாடை சில நாளிலேயே மூக்கைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விடுகிறது.

அந்த லயத்தில் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது என்று வையுங்கள். ஆறு பேர் சம்பாதிக்கிற வீடு. வந்தவருக்குப் பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தபிறகு அவர்களுக்கும் குறையத்தான் செய்கிறது. ஆனால் ஆறு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வதால் யாரிடமும் போய்ப் பிடுங்க வேண்டிய நிலை வருவதில்லை. சண்டை அந்த வீட்டோடு நின்றுவிடும். ஆன்டிஆக்ஸிடன்ட் செய்வது அந்த வேலையைத்தான். ஆறு பேர் என்று நான் சொன்னதற்கும் காரணம் உண்டு. இலைகளில் இருக்கும் பாலிஃபீனால் என்ற சேர்மங்களில் ஆறு கார்பன்கள் கைகோத்த வளையங்கள் இருக்கின்றன. ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்தபிறகு ஏற்படும் குறையை அந்த வளையம் தனக்குள்ளேயே பரப்பிக்கொள்ளும்.

முருங்கை இலையில் இப்படிக் கொடுக்கிறவர்கள் பலர். குவெர்செட்டின், கெம்ஃபெரால், குளோரோஜெனிக் அமிலம் ஆகியவை பாலிஃபீனால் கூட்டத்தைச் சேர்ந்தவை. அப்புறம் வைட்டமின் சி, வைட்டமின் இ, பீட்டா கரோட்டின். வைட்டமின் சி நீரில் கரையும், மற்ற இரண்டும் கொழுப்பில் கரையும். வைட்டமின் இ ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது வைட்டமின் சி அதற்குக் கொடுத்துச் சரிக்கட்டுவதும் உண்டு. பீட்டா கரோட்டினைச் செம்பனைப் பழத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழத்தைக் கசக்கினால் கையில் ஒட்டுமே ஆரஞ்சு நிறம், அதில் பெரும்பங்கு கரோட்டின்கள்தான். முருங்கை இலையில் அது பச்சைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. இலை பழுத்து உதிரப்போகும் சமயத்தில் பச்சை விலகும், மஞ்சள் வெளியே வரும்.

மரம் இதையெல்லாம் நமக்காகச் செய்து வைக்கவில்லை. வெயிலில் இருந்து ஓடி ஒளிய மரத்துக்குக் கால் இல்லை. நாள் முழுக்க ஒளியை வாங்கி உணவு சமைக்கும் இலைக்குள் ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டாகிக்கொண்டே இருக்கும். தன் இலை தானே கருகிப்போகாமல் இருக்க அது இந்தச் சேர்மங்களைச் செய்துகொள்கிறது.

ஓர் இலையில் இந்தச் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? மிகவும் புழக்கத்தில் உள்ள சோதனையில் டிபிபிஎச் என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒரு ஃப்ரீ ராடிக்கல், ஆனால் புட்டியில் போட்டு வைக்கும் அளவுக்கு நிலையானது. கரைத்தால் அடர்ந்த ஊதா நிறம். அதில் இலைச் சாற்றை ஊற்றினால், சாற்றில் இருப்பவை ஹைட்ரஜனைக் கொடுக்கக் கொடுக்க ஊதா வெளுத்து இளமஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். 1958-இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் என்பவர் நேச்சர் இதழில் இந்த முறையை வெளியிட்டார். எந்த மூலிகையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை எடுத்தாலும் இந்தச் சோதனை அநேகமாக இருக்கும். முருங்கை இலை இதில் நன்றாகவே தேறுகிறது.

டிபிபிஎச் நம் வீட்டில் கிடையாது. ஆனால் அதற்கு ஒப்பான ஒன்றை நான் வகுப்பில் செய்துகாட்டுவேன், வீட்டிலும் செய்யலாம். சோறு வடித்த கஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து, அரை தம்ளர் பச்சைத் தண்ணீரில் கலந்து ஆறவிடுங்கள். காயத்துக்குப் போடும் பழுப்பு அயோடின் மருந்தை அதில் இரண்டு சொட்டு விடுங்கள். தண்ணீர் நீலமாக, மை கரைத்ததுபோல ஆகிவிடும். இப்போது எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் நீலம் சட்டென்று மறைந்து கஞ்சித் தண்ணீர் பழையபடி தெரியும். சாற்றில் உள்ள வைட்டமின் சி அயோடினுக்கு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த தம்ளரில் எலுமிச்சைக்குப் பதிலாக, பச்சை முருங்கை இலையை அம்மியில் தட்டித் துணியில் பிழிந்த சாற்றை விடலாம். இலையின் பச்சை கலந்தாலும் நீலம் வெளுப்பது தெரியும். சோதனை செய்த தண்ணீரைக் குடித்துவிடக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கவனம்.

இந்த இடத்தில்தான் டப்பா விற்கிறவர்கள் ஒரு தாவு தாவுகிறார்கள். தம்ளரில் நிறம் மறைந்தது, ஆகவே உடம்பில் நோய் மறையும் என்று. தம்ளருக்கும் உடம்புக்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. குவெர்செட்டினை விழுங்கினால் அதில் கொஞ்சம்தான் குடல் வழியாக ரத்தத்துக்குள் போகும். போனதையும் கல்லீரல் உருமாற்றி வெளியே அனுப்பிவிடும். தம்ளரில் இருந்த அடர்த்தி ரத்தத்தில் வரவே வராது. அதோடு, ஃப்ரீ ராடிக்கல் முழுக்க முழுக்க எதிரி என்பதும் சரியில்லை. கிருமி உள்ளே நுழைந்தால் வெள்ளை அணுக்கள் அவற்றை உண்டாக்கித்தான் கிருமியைக் கொல்கின்றன. உடம்புக்குச் சொந்தமாகவே காவல் ஏற்பாடு இருக்கிறது. குளூட்டாதயோன் என்ற சேர்மமும், கேட்டலேஸ் போன்ற நொதிகளும் ராப்பகலாக அந்த வேலையைப் பார்க்கின்றன. இலையிலிருந்து வரும் சில சேர்மங்கள் தாங்களே காவல் நிற்பதைவிட, இந்தக் காவலர்களைக் கொஞ்சம் உசுப்பிவிடுகின்றன என்பது இப்போது ஆராய்ச்சியாளர்கள் பேசும் விளக்கம்.

அமெரிக்க வேளாண் துறை ஒரு காலத்தில் உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தியைப் புட்டியில் அளந்து, பெரிய பட்டியலாக இணையத்தில் போட்டிருந்தது. அந்த எண்களுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, வியாபாரிகள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012-இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். இன்னும் கவலைக்குரிய ஒரு சம்பவமும் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வெளிவந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அந்த நோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. கரோட்டின் உள்ள கீரையும் காயும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. கீரையில் அது கொஞ்சமாக, பல பொருள்களோடு சேர்ந்து, நாருக்குள் பொதிந்து வருகிறது. மாத்திரையில் தனியாளாக, மொத்தமாக வந்து இறங்குகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் இரண்டாவது தடவை கேட்பார்கள். நல்லது என்று நினைத்துக் கொடுத்த பொருள்தானே சார் என்பார்கள். ஆமாம், அதனால்தான் இதை மறக்காமல் சொல்கிறேன்.

"ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி" என்று முருங்கைத் தூள் டப்பாக்களில் போடுகிறார்கள். இந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பழைய இந்திய உணவு அட்டவணையில் 100 கிராம் பச்சை முருங்கை இலைக்கு 220 மில்லிகிராம் என்றும் ஆரஞ்சுக்கு 30 என்றும் இருக்கிறது. அமெரிக்க அட்டவணையிலோ பச்சை இலைக்கு 51.7, ஆரஞ்சுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். மண், இலையின் வயது, பறித்து எத்தனை மணி நேரம் ஆனது என்பதைப் பொறுத்து இது இப்படி மாறும். ஆனால் இரண்டு கணக்குமே பச்சை இலைக்கு உரியவை. வைட்டமின் சி காற்றிலும் சூட்டிலும் அழியக்கூடியது. காயவைத்து அரைத்த தூளின் டப்பாவில் பச்சை இலையின் எண்ணைப் போடுவது நியாயமில்லை.

அக்காவின் டப்பாவில் ஒரு காப்ஸ்யூலுக்கு 500 மில்லிகிராம் தூள் என்று போட்டிருந்தது. பச்சை முருங்கை இலையில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 79 பங்கு தண்ணீர். அப்படியென்றால் அரை கிராம் தூள் என்பது இரண்டு கிராமுக்குச் சற்றே கூடுதலான பச்சை இலை. ஆயும்போது கீழே சிந்துகிற இலையே அதைவிட அதிகம் இருக்கும். ஒரு நேரக் குழம்புக்கு ஓர் ஆளுக்கு ஐம்பது கிராம் இலை போடுகிறோம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஈடாக இருபதுக்கு மேற்பட்ட காப்ஸ்யூல்களை விழுங்க வேண்டும்.

அதனால் என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். முருங்கை இலையில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருப்பது உண்மை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக இந்தக் கீரையைத் தூக்கிவைத்துப் பேச வேண்டிய தேவையே இல்லை. 100 கிராம் பச்சை இலையில் 9.4 கிராம் புரதம், 185 மில்லிகிராம் கால்சியம், 4 மில்லிகிராம் இரும்பு. மாலைக்கண் வராமல் காக்கும் வைட்டமின் ஏ-ஆக மாறக்கூடிய கரோட்டின் தாராளம். தோட்டத்தில் கைச்சம்பளம் போதாத காலத்தில் லயத்துப் பின்கட்டில் நின்ற ஒரு மரம் இவ்வளவையும் காசு வாங்காமல் கொடுத்திருக்கிறது.

சமைக்கும் விதத்தில் இரண்டு மூன்று விஷயம் கவனித்தால் போதும். இலையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் வைட்டமின் சி-யும் பாலிஃபீனால்களில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். அமெரிக்க அட்டவணைப்படி, வேகவைத்து வடித்த இலையில் வைட்டமின் சி 51.7-இலிருந்து 31-ஆகக் குறைகிறது. பருப்பிலோ சொதியிலோ போட்டால் சாறு குழம்பிலேயே நிற்கும். சொதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தேங்காய்ப்பாலில் கொழுப்பு இருப்பதால் கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளும். நெத்திலியோடு சேர்த்து எண்ணெயில் வதக்கினாலும் அப்படியே. சொதி கொதித்து இறக்கப்போகிற நேரத்தில் இலையைப் போட்டு, நிறம் மாறியதும் இறக்கிவிடுங்கள். நெடுநேரம் வெந்தால் சத்தும் போகும், கசப்பும் ஏறும். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் இறக்கியபின் பிழியலாம். இலையிலுள்ள இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள அது கைகொடுக்கும்.

தூளே வேண்டும் என்கிறவர்கள் வீட்டிலேயே நிழலில் காயவைத்து அரைத்துக்கொள்ளலாம். நேர் வெயிலில் காயவைத்தால் கரோட்டின் போய்விடும். தூளின் நிறம் பச்சையாக இல்லாமல் பழுப்பாக இருந்தால் அது ஏற்கனவே காற்றிடம் தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஆட்களிடம் இந்த நோய் அதிகம், அக்காவுக்கும் இருக்கிறது. முருங்கை இலை ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கக்கூடும் என்று விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. கீரையாகச் சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. தூளோ காப்ஸ்யூலோ தினமும் எடுப்பதாக இருந்தால் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம், கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் எந்தப் பச்சைக் கீரையையும் ஒரு வாரம் அளவுக்கு மீறி, மறுவாரம் ஒன்றுமே இல்லாமல் என்று மாற்றிச் சாப்பிடக் கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும். கர்ப்பிணிகள் முருங்கை வேரையும் பட்டையையும் தொட வேண்டாம்.

இனி நெய்க்கு வருவோம். அம்மா சொன்னது சரியா? நெய் கெடாமல் இருப்பதற்கு முதல் காரணம், உருக்கும்போது தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போவதுதான். இலை போட்டதும் சடசடக்கிறதே, அது இலையில் இருந்த நீர் வெளியேறும் சத்தம். சத்தம் நின்று இலை மொறுமொறுத்தால் சட்டியில் ஈரம் இல்லை என்று பொருள். ஆக, இலை முதலில் ஒரு பதம் பார்க்கும் கருவி. அடுத்தது, சூடான கொழுப்பில் பொரியும்போது இலையிலுள்ள சில சேர்மங்கள் நெய்யில் இறங்குகின்றன. எல்லாம் இறங்காது, நீரில் மட்டும் கரைபவை இலையோடு தங்கிவிடும். முருங்கை இலைச் சாற்றை உருக்கிய வெண்ணெய்க் கொழுப்பில் கலந்து வைத்துப் பார்த்த ஆய்வுகளில், சாறு சேர்த்த கொழுப்பு சிக்கு வாடை பிடிக்க அதிக நாள் எடுத்தது. அக்காவின் டப்பா உடம்பைப் பற்றிச் சொல்வதற்குத்தான் இன்னும் வலுவான சான்று தேவை. நெய்ச் சட்டியைப் பற்றி அம்மா சொன்னது வேதியியல்படி நிற்கிறது.

நேற்று அக்காவைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப உங்க வீட்டுக் கொம்பு ஒண்ணு வெட்டிக் குடு தம்பி, எங்க பின்னால நட்டுக்கிறேன்" என்றார். கைமணிக்கட்டுப் பருமனில், மார்பளவு நீளத்தில் ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். வெட்டிய நுனியில் சாணியை அப்பி, தண்ணீர் தேங்காத மேட்டுப் பக்கமாகப் பார்த்து ஊன்றியிருக்கிறார்.